கலகம் கடந்து வந்தவை: திருவரங்கத்தின் போர்க்காலச் சுவடுகள்

திருவரங்கம் பெரியகோயிலில் பெரியபெருமாளின் திருமுன்பே நம்பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அதே கர்ப்பக்ருஹத்தில் திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்துடன் மற்றோர் அர்ச்சாமூர்த்தியும் எழுந்தருளியிருக்கிறார். யாகசாலைக்கு எழுந்தருள்பவர் இவரே. ஸேவார்த்திகளில் பெரும்பாலோர் இவர் இன்னாரென்று அறியாமலே ஸேவித்துச் செல்கின்றனர். நம்பெருமாள் ஊரைவிட்டு அகன்றிருந்த காலத்தில் அவருடைய ஸ்தானத்தில் திருவாராதனம் கொண்டருளியவர் இவர் என்பது கோயில் வழக்கு. நம்பெருமாள் மீண்டு எழுந்தருளிய பின்னும் இவரை விலக்காமல் அருகிலேயே வைத்து ஆராதித்து வருகின்றனர். திருவரங்கத்தில் போர்க்காலச் சுவடு எது என்று வினவுவார்க்கு முதலில் காட்டத்தக்கது இத்திருமேனியே.

போரின் எச்சங்கள் என்றால் இடிந்த மதிலையும் துருவேறிய பீரங்கியையும் தேடுவது உலக வழக்கம். திருவரங்கத்தில் அவ்வாறு தேடுபவர்க்குக் கிடைப்பது சிறிதே. இடிந்தவை கட்டப்பட்டன, கரிந்தவை சுண்ணம் பூசப்பட்டன. இவ்வூரின் போர்ச் சுவடுகள் திருநாமங்களிலும், கைங்கர்ய முறைகளிலும், ஒரு கல்வெட்டிலும், எல்லாவற்றுக்கும் மேலாக இன்று காலக்ஷேபத்தில் கையிலெடுக்கும் வ்யாக்யான க்ரந்தங்களிலும் உறைந்துள்ளன. இவற்றை ஒருங்கே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலகமும் அதன் பெயரும்

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தின்மேல் டில்லிப் படைகள் மும்முறை வந்தன. 1311இல் மாலிக் காபூர் வந்தான். 1318இல் குஸ்ரு கான் வந்தான். 1323இல் கியாசுத்தீன் துக்ளக்கின் மகனான உலூக் கான் வந்தான். பின்னாளில் முகம்மது பின் துக்ளக் எனப் பெயர்பெற்றவன் இவனே. முன்னிரண்டும் பொருளைக் கவர்ந்து மீண்ட படையெடுப்புகள். மூன்றாவதற்குப் பின் மதுரை டில்லி ஆட்சிக்குட்பட்டது. 1335 அளவில் அங்கே தனிச் சுல்தானியமும் ஏற்பட்டது. ஆகவே 1323இல் புறப்பட்ட பெருமாள் விரைவில் மீள்வதற்கு வழியில்லாமற் போயிற்று.

இந்நிகழ்ச்சியைக் கோயிலொழுகு, "பன்னீராயிரவர் முடி திருத்திய பன்றியாழ்வான் மேட்டுக் கலகம்" என்னும் பெயரால் குறிக்கும். கொள்ளிடக் கரையில் பன்றியாழ்வான் ஸந்நிதியில் உத்ஸவம் நடந்துகொண்டிருந்தபோது படை வரும் செய்தி எட்டியது என்றும், எதிர்த்து நின்ற பன்னீராயிரம் ஸ்ரீவைஷ்ணவர்கள் மாண்டனர் என்றும் ஐதிஹ்யம். அத்தொகையை எண்ணிக் கணித்த கணக்காகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் அப்பெயரில் உள்ள சொல்லாட்சி கருதத்தக்கது. தலைகள் வீழ்ந்தன என்று எழுத மனமில்லாத ஒருவர் "முடி திருத்திய" என்று எழுதியிருக்கிறார். அமங்கலத்தை மங்கலச் சொல்லால் மறைத்துக் கூறும் கோயில் வழக்கு இங்கே துயரத்தின் அளவையே காட்டிவிடுகிறது. வசை ஒன்றும் இன்றி ஆறு சொற்களில் ஓர் ஊரின் அழிவு அடங்கிவிட்டது.

கோயிலொழுகை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அது ஒருவர் ஒருகாலத்தில் எழுதிய நூலன்று. பல தலைமுறைக் கோயிலார் தத்தம் காலத்துச் செய்திகளைச் சேர்த்து வளர்த்த பதிவேடு. படையெடுப்புகள் ஒன்றோடொன்று மயங்கியுள்ளன; ஆண்டுக் கணக்கும் பல இடங்களில் பிறழ்ந்துள்ளது. இக்குறைகளைக் காட்டி அதை முற்றும் தள்ளியவர்களும் உண்டு. குறையே இல்லையென்று வாதிட்டவர்களும் உண்டு. காலக்கணக்கில் பிறழ்கின்ற அதே நூல், இடம், கைங்கர்யம், முறை, கொத்து ஆகியவற்றில் மிக நுணுக்கமாகப் பேசுகிறது. எழுதியவர்கள் எதை நாள்தோறும் கண்டார்களோ அதில் தவறவில்லை. எதைக் கேட்டு எழுதினார்களோ அதில் தவறினார்கள். இவ்வேறுபாட்டைக் கொண்டே அந்நூலைப் பயன்கொள்ள வேண்டும்.

ஊரிலே நின்றவை

பெருமாள் புறப்பட்டபோது பெரியபெருமாள் ஸந்நிதி வாசலைக் கல்திரையிட்டு மறைத்தனர் என்றும், ஸ்ரீரங்கநாச்சியாரை வில்வமரத்தடியில் நிலத்துள் எழுந்தருளப்பண்ணினர் என்றும் கோயில் வரலாறு கூறும். கீழைக்கோபுரங்களுள் ஒன்று வெள்ளைக்கோபுரம் என்று வழங்குகிறது. வெள்ளை என்னும் கோயில் தாஸி படைத்தலைவனை அதன் உச்சிக்கு அழைத்துச் சென்று கீழே தள்ளிக் கொன்று, தானும் வீழ்ந்து உயிர்நீத்தாள் என்றும், அவள் நினைவாகவே அதற்கு வெண்சுண்ணம் பூசப்படுகிறது என்றும் சொல்லிவருகின்றனர். ஆசார்யர்களின் பெயர்கள் தனியன்களிலும் வாழித்திருநாமங்களிலும் நிலைபெற்றன. அத்தகைய தனியன் இல்லாத ஒருத்தியின் பெயரை இவ்வூர் ஒரு கோபுரத்தின்மேல் ஏற்றி வைத்துள்ளது.

ஈரவாடைத் தீர்த்தமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மீண்டு எழுந்தருளிய திருமேனி முன்பிருந்ததுதானா என்று ஊரார் ஐயுற்றனர்; பெருமாளை நேரில் ஸேவித்தறிந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. அப்போது கண்பார்வையிழந்த முதியவரான ஈரங்கொல்லி ஒருவர், இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்த ஈரவாடையின் தீர்த்தத்தை ஸ்வீகரித்து, அதன் பரிமளத்தால் "இவரே நம்பெருமாள்" என்று தெளிவித்தார் என்பது ஐதிஹ்யம். பட்டயமும் கல்லும் தீர்க்கவியலாத வழக்கை, பெருமாளின் பரிவட்டம் வெளுத்த கைங்கர்யபரரின் நினைவு தீர்த்தது. தோற்றவராகக் கருதப்பட்ட மூர்த்தியையும் கோயில் கைவிடவில்லை. தொடக்கத்திற் கூறிய திருவரங்கமாளிகையார் அவரே.

ஊருக்கு வெளியே உள்ள ஊர் வரலாறு

திருவரங்கத்தின் நாற்பத்தெட்டு ஆண்டு வரலாற்றைத் திருவரங்கத்தில் மட்டும் தேடினால் அகப்படாது. அது பெருமாள் எழுந்தருளிய வழியெங்கும் சிதறிக் கிடக்கிறது. பிள்ளைலோகாசார்யர் முதலான சிலருடன் தென்திசை நோக்கிப் புறப்பட்ட பெருமாள் முதலில் ஜ்யோதிஷ்குடியில் தங்கினார். மதுரைக்கருகே ஆனைமலைச் சாரலில் உள்ள கொடிக்குளமே அவ்வூர் எனக் கொள்ளப்படுகிறது; அங்கே வேதநாராயணப்பெருமாள் ஸந்நிதி உள்ளது. முதுமை எய்தியிருந்த லோகாசார்யர் அவ்விடத்திலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். திருவரங்கத்து வீதியில் ரஹஸ்யார்த்தங்களை வெளியிட்ட ஆசார்யருக்கு அந்திமஸ்தலம் ஒரு மலைச்சாரற் சிற்றூராயிற்று.

அங்கிருந்து பெருமாள் திருமாலிருஞ்சோலையில் எழுந்தருளியிருந்தார். அவர் பொருட்டுத் தோண்டிய கிணறு என ஒன்றை அங்கே காட்டுவர். பின்னர் மலையாள நாட்டில் கோழிக்கோடு. அவ்விடத்தே திருக்குருகூரிலிருந்து இடம்பெயர்ந்த நம்மாழ்வாரும் வந்து சேர்ந்தார். அதன்பின் கன்னட நாட்டுத் திருக்கணாம்பியிலும் திருநாராயணபுரத்திலும் தங்கி, திருமலைக்கு எழுந்தருளினார். திருமலையில் அவர் எழுந்தருளியிருந்த இடம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றே வழங்குகிறது. நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் பல்லாயிரவருள் அப்பெயரின் காரணத்தை எண்ணுவார் எத்தனை பேர்?

இவ்விடங்களுள் ஒவ்வொன்றும் தன் ஊர்க்கதையாக ஒரு துண்டைக் காத்து வைத்திருக்கிறது. கிணற்றைக் காட்டுபவர் மண்டபத்தை அறியார். மண்டபத்தை அறிந்தவர் மலைச்சாரலை அறியார். துண்டுகளை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு, அவ்வரலாறு எவ்வூருடையதோ அவ்வூராருக்கே உரியது.

கல் கூறும் ஆண்டும் வழக்குக் கூறும் ஆண்டும்

விஜயநகர இளவரசனான குமார கம்பணன் மதுரைச் சுல்தானியத்தை வென்றபின், அவனுடைய அதிகாரியாகச் செஞ்சியில் ஆண்ட கோபணார்யர் பெருமாளைத் திருமலையிலிருந்து அழைத்துவந்தார். கம்பணனின் தேவியான கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் என்னும் வடமொழிக் காவியம் அவ்வெற்றியைப் பாடுகிறது. கலகத்துக்குப் பிந்திய திருவரங்கத்தையும் அது காட்டுகிறது: உதிரும் கற்கள் பள்ளிகொண்டவன்மேல் விழாதபடி ஆதிசேஷனின் படமே தடுத்து நிற்கிறதாம். இக்காவியம் நெடுங்காலம் அறியப்படாதிருந்து, திருவனந்தபுரத்தில் கிடைத்த சிதைந்த சுவடியைக் கொண்டு 1916இல் அச்சேறியது. நூற்றாண்டுக்கு முன்வரை இச்சான்று வரலாற்றறிஞர் கையில் இருக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

பெருமாளின் மீட்சியைக் குறிக்கும் கல்வெட்டு திருவரங்கம் கோயிலின் உட்பிராகாரச் சுவரில் உள்ளது. கோபணார்யர் அஞ்சனாத்ரியிலிருந்து பெருமாளை எழுந்தருளப்பண்ணி, செஞ்சியில் சிலகாலம் ஆராதித்து, பகைவரை வென்று, உபயநாச்சிமாருடன் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்தார் என்பது அதிலுள்ள வடமொழி ச்லோகங்களின் பொருள். இவற்றை வேதாந்த தேசிகன் அருளிச்செய்ததாக ஸம்ப்ரதாயம் கொள்ளும். இக்கல்வெட்டை ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் எபிகிராபியா இண்டிகாவின் ஆறாந்தொகுதியில் பதிப்பித்தார்.

கல்வெட்டு ஆண்டை எண்ணாகக் கூறாமல் "பந்துப்ரிய" என்னும் சொல்லால் கூறுகிறது. கடபயாதி முறைப்படி ப என்னும் மெல்லோசை எழுத்துக்கு 3, தகர வரிசையின் நான்காமெழுத்துக்கு 9, ப்ரி என்னும் கூட்டெழுத்தில் இறுதி மெய்யான ரகரத்துக்கு 2, யகரத்துக்கு 1. எண்களை வலமிருந்து இடமாகக் கொள்ள, சகம் 1293 ஆகும். சென்ற ஆண்டாகக் கணக்கிடின் இது 1371 – 72. அதாவது விரோதிக்ருத் வருஷம். கோயிலொழுகோ சகம் 1293 பரீதாபி வருஷம் வைகாசி மாதம் 17ஆம் நாள் என்கிறது. பரீதாபி 1372 – 73 ஆகும். ஆக, சக ஆண்டுக்கும் வருஷப் பெயருக்கும் இடையே ஓராண்டு வேறுபாடு நிற்கிறது.

கல்வெட்டுச் சகம் 1293 என்பதே உறுதியான சான்று. பரீதாபி என்னும் பெயர் எவ்வாறு நுழைந்தது? இதற்கு ஒரு விடையைக் கருதிப்பார்க்கலாம். மணவாளமாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே ஈட்டின் காலக்ஷேபத்தைத் தொடங்கியது பரீதாபி வருஷம் ஆவணி மாதத்தில் என்பது ஸம்ப்ரதாயத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. அது 1432. ஊர் நினைவில் ஆழப் பதிந்த அந்தப் பரீதாபி, அறுபது ஆண்டுக்கு முற்பட்ட மீட்சிக்கும் தன் பெயரை ஈந்திருக்கக்கூடும். அல்லது மீட்சியைச் சார்ந்த ப்ரதிஷ்டாதிகள் அடுத்த ஆண்டுவரை நீண்டு, இரண்டு குறிப்புகள் ஒன்றாயிருக்கவும் கூடும். எவ்வாறாயினும் கல்லையும் ஏட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினாலன்றி இவ்வினாவே எழாது.

ஏடுகள் சென்ற வழி

கலகத்தில் பெருமாளைக் காத்த வரலாறு பலரும் அறிந்தது. அதே நாட்களில் ஏடுகளைக் காத்த வரலாறும் அதற்கிணையானது. ஸ்ரீபாஷ்யத்துக்கு ச்ருதப்ரகாசிகை என்னும் பேருரை வரைந்த ஸுதர்சனஸூரி, அதன் சுவடியையும் தம் இரு குமாரர்களையும் வேதாந்த தேசிகனிடம் ஒப்படைத்துத் தாம் கலகத்தில் உயிர்நீத்தார் என்பர். வீழ்ந்த உடல்களினிடையே இரவு முழுதும் மறைந்திருந்து, சுவடியையும் சிறுவர்களையும் தேசிகன் கன்னட நாட்டுக்குக் கொண்டுசென்றார். அங்கே ஸத்யாகாலத்தில் இருந்தபோது அருளிச்செய்யப்பட்ட அபீதிஸ்தவம், திருவரங்கத்துக்கு அச்சமற்ற நாள் மீள வேண்டுமென்று அரங்கனை இறைஞ்சுவது. இன்று ஸ்தோத்ரமாக அநுஸந்திக்கப்படும் அந்நூல், புலம்பெயர்ந்த ஒருவர் தம் ஊரின் பொருட்டு எழுதிய விண்ணப்பமுமாகும்.

பிள்ளைலோகாசார்யரின் ரஹஸ்ய க்ரந்தங்கள் ஏட்டுடன் ஆளையும் பற்றிப் பிழைத்தன. ஜ்யோதிஷ்குடியில் இருந்தபோதே அவர், மதுரை அரசகாரியத்தில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரைத் திருத்தித் தர்சனத்துக்கு ஆக்கும்படி கூரகுலோத்தமதாஸர் முதலான சீடர்களிடம் நியமித்தார். பெருமாளும் ஊரும் நிலையின்றி இருந்த வேளையில் அவர் நினைத்தது அடுத்த தலைமுறைக்கு இவ்வர்த்தங்களைச் சொல்லப்போகிறவர் யார் என்பதையே. அத்திருமலையாழ்வாரே பின்னர்த் திருவாய்மொழிப்பிள்ளை ஆனார். காடடைந்து கிடந்த ஆழ்வார்திருநகரியை வெட்டித் திருத்தி, திருக்கணாம்பியிலிருந்து ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணியவரும் அவரே.

ஈட்டின் வரலாறு இன்னும் வியப்புடையது. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்த, நம்பிள்ளை அதை வாங்கி ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் அளித்தார். அது ஓராண்வழியாக அவர் திருக்குமாரர் பத்மநாபப்பெருமாளிடமும், அவரிடமிருந்து நாலூர்ப்பிள்ளையிடமும், பின் நாலூராச்சான்பிள்ளையிடமும் வந்தது. பிற்பட்ட இவ்விருவரும் காஞ்சியுடன் தொடர்புடையவர்கள். திருவரங்கத்தில் விளைந்த அவ்வுரையைத் திருவாய்மொழிப்பிள்ளை நாலூராச்சான்பிள்ளையிடம் திருநாராயணபுரத்தில் கேட்டறிந்தார். அவரிடம் ஆழ்வார்திருநகரியில் கற்றவர் மணவாளமாமுனிகள். மாமுனிகளின் திருவவதாரம் ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலம், அதாவது 1370. பெருமாள் மீள்வதற்குச் சற்று முன்னரே, மீண்ட ஊருக்கு உரை சொல்ல வேண்டியவர் தெற்கே பிறந்துவிட்டார்.

மாமுனிகள் திருவரங்கம் வந்தபின் சிதறிய க்ரந்தங்களைத் தேடித் தொகுத்து ஏடுபடுத்துவித்தார். மீளாதவையும் இருந்தன. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் ஏறக்குறைய நானூறு பாசுரங்களுக்கான பகுதி அழிந்துபோயிற்று. அவ்வழிவைக் கலகத்தின்மேல் ஏற்றக் காரணமில்லை. செல்லரித்து மறைந்தது என்றே பெரியோர் கூறுவர். எஞ்சிய பகுதியைத் தொடாமல் விட்டு, அழிந்த பகுதிக்கு மட்டும் மாமுனிகள் உரை வரைந்தார். இன்று அந்நூலை வாசிப்பவர் எவ்விடத்தில் ஒரு கை நின்று மறு கை தொடங்குகிறது என்பதைக் காணலாம். படையால் அழிந்ததைவிடப் பேணாமையால் அழிந்தது குறைவன்று என்னும் உண்மையை அவ்விளிம்பு உணர்த்துகிறது.

மறக்கப்பட்ட மற்றொரு போர்

பதினான்காம் நூற்றாண்டுக் கலகத்தைக் கோயில் மறக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் போரோ ஊர் நினைவிலிருந்து ஏறக்குறைய நீங்கிவிட்டது. கருநாடகப் போரில் சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் திருவரங்கத் தீவில் பாளையமிட்டனர். 1752 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா இத்தீவிலேயே ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். சந்தா சாகிபும் அந்நாட்களில் கொல்லப்பட்டார். தென்னாட்டின் அரசியல் திசைமாறிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் இக்கோயிலின் ஏழு மதில்களையும் உயரம் இருபத்தைந்து அடி, கனம் நான்கு அடி என அளவிட்டு எழுதியுள்ளார். ஸப்தப்ராகாரங்களைப் பரமபதத்தின் ஸ்மாரகமாகக் கண்ட கண்களுக்கும், அரணாக அளந்த கண்களுக்கும் இலக்கானவை ஒரே கற்களே. படையினர் வெளிமதில்களுக்குள் புகுந்தபோது, எம்பெருமான் எழுந்தருளியுள்ள இடத்தை நெருங்க வேண்டாவென்று கோயிலார் இறைஞ்சியதையும் அவர் குறித்துள்ளார்.

முதற்போரைப் பற்றிய செய்தி கோயிலாரின் ஏட்டில் விரிவாக உண்டு. வென்றவர் எழுத்தில் சிறிதே. இரண்டாவதைப் பற்றிப் படையினர் எழுத்தில் விரிவாக உண்டு. ஊர் வாயில் சிறிதே. பெருமாள் வெளியேற நேர்ந்த போர் ஸம்ப்ரதாயத்தின் வரலாறாயிற்று; பெருமாள் உள்ளேயிருக்கப் புறமதில்களில் நடந்த போர் அரசுகளின் வரலாறாய் நின்றுவிட்டது. ஓர் ஊர் எதை நினைவில் வைக்கிறது என்பதை அதன் அன்பே முடிவுசெய்கிறது. ஆராய்பவர் அவ்வன்பு எட்டாத இடத்தையும் தேடிச்செல்லக் கடமைப்பட்டவர்.

செய்யத்தக்கவை

ஸ்வஸ்தலத்தின் வரலாற்றை ஆராய முற்படுவார்க்கு மூன்று செய்திகள் முதன்மையானவை. ஐதிஹ்யத்தை ஐதிஹ்யமென்றும் கல்வெட்டைக் கல்வெட்டென்றும் தனித்தனியே குறித்தல் வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டின் வலிமையும் கெடும். பெயரையும் முறையையும் சான்றாக மதித்தல் வேண்டும். ஈரவாடைத் தீர்த்தமும் ரங்கநாயக மண்டபமும் ஏடெழுதாதவர்கள் விட்டுச்சென்ற பதிவுகள். இறுதியாக, வீடுகளிலும் மடங்களிலும் எஞ்சியுள்ள சுவடிகளைப் படியெடுத்துக் காத்தல் வேண்டும். கலகத்தில் உயிரைக் கொடுத்துக் காத்தவற்றைச் செல்லுக்கும் ஈரத்துக்கும் கொடுப்பது தகாது.

1432 ஆவணியில், பெரியதிருமண்டபத்தில் நம்பெருமாள் உத்ஸவங்களை நிறுத்திவைத்து ஓராண்டுக்காலம் ஈட்டைக் கேட்டருளினார் என்பது ஸம்ப்ரதாயம். அங்கே எழுந்தருளியிருந்த பெருமாள் கோழிக்கோடும் திருமலையும் சென்று மீண்டவர். வாசிக்கப்பட்ட உரை திருவரங்கத்தில் பிறந்து காஞ்சியும் திருநாராயணபுரமும் சென்று மீண்டது. வாசித்தவர் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்தவர். கலகத்தால் பிரிந்தவை அனைத்தும் அன்றுதான் ஒரு மண்டபத்தில் கூடின. 1433 ஆனித் திருமூலத்தன்று அந்தக் காலக்ஷேபம் சாற்றுமுறையாயிற்று.